மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மொட்டு



ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிவிட்டது. ஒவ்வொரு முறை பேனாவை எடுக்கும்போதும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறேன். அங்கே நிழல்வலைக்கு அடியில், பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்சட்டி ஒன்றில் ஓர் ஆர்க்கிட் செடி தொங்குகிறது. முழங்கை நீளத்தில் நான்கு தண்டுகள். கடைசியாக வந்த தண்டின் நுனியிலிருந்து ஒரு பூங்காம்பு வெளிச்சத்தைப் பார்த்து வளைந்திருக்கிறது. அதில் ஏழு மொட்டுகள். நுனியில் இருப்பவை மிளகு அளவு. நடுவில் இருப்பவை பட்டாணிக்குக் கொஞ்சம் சிறியவை. எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது பச்சை மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது.

இந்தச் செடி இதற்கு முன் பூத்ததில்லை. இதன் பூ என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. இதை எனக்குக் கொடுத்தவருக்கும் தெரியாது. இந்தச் செடியை உண்டாக்கியவரே அவர்தான். இந்தப் பூவின் படம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, ஏனென்றால் இந்தப் பூ இன்னும் உலகத்தில் பூக்கவே இல்லை. ஆறு வாரமாக என் வீட்டில் காலை காப்பிக்கு முன்னால் நடக்கும் ஒரே வேலை இந்த மொட்டைப் பார்ப்பதுதான்.

கொடுத்தவர் எனக்குப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த டீச்சர். ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. வடவள்ளியில் மகள் வீட்டு மொட்டை மாடியில் நிழல்வலை கட்டி, நூறு சட்டிக்குக் குறையாமல் ஆர்க்கிட் வளர்க்கிறார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, என் கண் முன்னால்தான் இந்தக் கலப்பு நடந்தது. மாடியில் இரண்டு டெண்ட்ரோபியம் செடிகள் பக்கத்துப் பக்கத்தில் பூத்திருந்தன. ஒன்று தூய வெள்ளை, தொண்டையில் மட்டும் இளம்பச்சை. மற்றது சிறிய பூ, ஆனால் நாவற்பழம் தின்ற நாக்கைப் போல அடர்ந்த ஊதா. டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பல் குத்தும் குச்சி ஒன்றை எடுத்தார்.

ஆர்க்கிட் பூவில் மகரந்தம் மற்றப் பூக்களைப் போலத் தூளாக உதிராது. நடுவில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் நுனியில், ஒரு குட்டித் தொப்பிக்கு அடியில், மஞ்சள் கட்டிகளாக உட்கார்ந்திருக்கும். டீச்சர் குச்சியின் நுனியால் ஊதாப் பூவின் தொப்பியை மெல்ல நெம்பினார். தொப்பி கழன்று விழுந்தது. கடுகில் பாதி அளவுள்ள மஞ்சள் கட்டிகள் குச்சியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. வெள்ளைப் பூவில் அதே தண்டின் அடிப்பக்கம் ஒரு சின்னக் குழி, உள்ளே பசை மினுங்குகிறது. அந்தக் குழியில் கட்டிகளை வைத்து லேசாக அழுத்தினார். அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. காம்பில் ஒரு நூலைக் கட்டி, அட்டையில் தேதியை எழுதித் தொங்கவிட்டார்.

இரண்டு நாளில் அந்த வெள்ளைப் பூ வாடித் தலையைக் கவிழ்த்துக்கொண்டதாகப் போனில் சொன்னார். குரலில் அவ்வளவு சந்தோஷம். பூ வாடினால் கலப்பு பிடித்துவிட்டது என்று அர்த்தமாம். பூவுக்குப் பின்னால் இருந்த காம்பு பருக்கத் தொடங்கியது. நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக அந்தக் காய் செடியில் தொங்கியது. காய் வெடிக்குமுன் பச்சையாகவே அறுத்து, திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் தடவை கொடுத்த காயில் பூஞ்சை பிடித்து, விதை போட்ட புட்டிகள் அத்தனையும் வீணாகிவிட்டன. மாடியில் இன்னொரு காய் இருந்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் வந்தவைதான் இந்தச் செடிகள்.

பூஞ்சை என்றவுடன் இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆர்க்கிட் விதையை ஒருமுறை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பவுடரைப் போல இருக்கும், மூச்சு விட்டால் பறந்துவிடும். ஒரு காயில் லட்சக்கணக்கில் விதை. நெல்லுக்குள்ளும் அவரைக்குள்ளும் தாய்ச்செடி கட்டிக்கொடுத்து அனுப்பும் சோறு இருக்கிறதே, அது ஆர்க்கிட் விதைக்குக் கிடையாது. வெறும் கையோடு கிளம்புகிற பிள்ளை அது. காட்டில் மரப்பட்டையில் போய் ஒட்டும்போது அங்கே தனக்குத் தோதான ஒரு பூஞ்சை இருந்தால் அதனிடமிருந்து உணவை வாங்கி முளைக்கும். இல்லையென்றால் மடியும். இதை 1899-இல் பிரான்சு நாட்டின் நோயல் பெர்னார்டு கண்டுபிடித்தார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் 1922-இல், பூஞ்சை இல்லாமலே சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கடற்பாசிக் கூழில் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். இன்று உலகம் முழுக்க விற்கும் கலப்பின ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை அந்தச் சர்க்கரைக் கூழிலிருந்து வருகின்றன. காட்டில் விதைக்குச் சோறு போடுவதும் பூஞ்சைதான். ஆனால் புட்டிக்குள் வேண்டாத பூஞ்சை நுழைந்தால் சர்க்கரையைத் தின்று கொழுத்து விதையை மூடிவிடும். டீச்சரின் முதல் காய் போனது இப்படித்தான்.

நட்சனுக்கு முன்னாலும் மனிதர்கள் ஆர்க்கிட்டைக் கலந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதையைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரத்தில் வீட்ச் குடும்பத்தாரின் நாற்றங்கால் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த தோட்டக்காரர் ஜான் டாமினி. ஜான் ஹாரிஸ் என்ற ஊர் மருத்துவர் ஆர்க்கிட் பூவில் எது மகரந்தம், அதை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தார். டாமினி கலந்து, கிடைத்த விதையைத் தூவி, கிடைத்த நாற்றுகளைக் காத்து வளர்த்தார். 1856-இல் முதல் பூ வந்தது. மனிதன் கையால் உண்டான உலகத்தின் முதல் கலப்பின ஆர்க்கிட் அதுதான். கலாந்தே டாமினியி என்று அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

அந்தச் செடியின் தாய் தகப்பன் இரண்டும் கலாந்தே இனங்கள். ஒன்று ஊதா, ஒன்று வெள்ளை. இரண்டு இனமும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கின்றன, ஈரமான சோலைக்காடுகளின் தரையில், இலைச்சருகுக்கு நடுவில். டாமினியின் செடிகள் இங்கிருந்து போனவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கோயம்புத்தூரில் நின்று மலையைப் பார்க்கும்போது, உலகத்தின் முதல் கலப்பின ஆர்க்கிட்டைப் பெற்றவர்களின் உறவுக்காரர்கள் அந்த மேகத்துக்குள் இருக்கிறார்கள் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

டாமினிக்குப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே நம் ஊரில் ஒருவர் ஆர்க்கிட்டுகளைப் படம் வரைய வைத்துக்கொண்டிருந்தார். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1840-களில் அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவித்துப் பார்க்கும் வேலைக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைக் கோயம்புத்தூரில் அமர்த்தியிருந்தார்கள். பருத்தி வேலை ஒரு பக்கம் நடக்க, தென்னிந்தியச் செடிகளை ஒவ்வொன்றாக வரைய வைத்து, ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் வெளியிட்டார். வரைந்த கைகள் ரங்கய்யா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் இருவருடையவை. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைத்து கோவிந்தூயியா என்றார். பிற்காலத்தில் அந்தச் செடி வேறொரு பேரினத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனாலும் தான் பார்த்துப் பார்த்து வரைந்த செடிகளின் கூட்டத்தில் ஓர் ஓவியர் தன் பெயரைக் கேட்ட நாள் ஒன்று இருந்திருக்கிறது.

என் செடிக்குத் திரும்புகிறேன். புட்டியிலிருந்து எடுத்த நாற்றுகள் சுண்டுவிரல் நகத்துக்குமேல் இல்லை. கூழைக் கழுவி, தேங்காய் மட்டைத் துண்டில் செருகி, ஒரே தட்டில் நாற்பது ஐம்பது நாற்றுகளாக ஒன்றாக வைத்து வளர்த்தார் டீச்சர். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த மட்டை. ஒரு வருடம் கழித்துத் தனித்தனிச் சட்டிக்கு மாற்றினார். அடியில் ஓட்டுச் சில்லு, மேலே அடுப்புக்கரி. மண் ஒரு பிடி கூடக் கிடையாது. பிழைத்ததில் தனக்குப் பத்து வைத்துக்கொண்டு மற்றதைப் பழைய மாணவர்களுக்குக் கொடுத்தார். என் கையில் சட்டியைக் கொடுக்கும்போது, “என்ன பூ பூக்கும்னு மட்டும் என்னக் கேக்காதீங்க கண்ணு, எனக்கே தெரியாது” என்றார். கொங்கு நாட்டில் கண்ணு என்று கூப்பிட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். எட்டாம் வகுப்பிலும் எங்களிடம் அப்படித்தான் பேசினார்.

வாங்கி வந்த முதல் கோடையில் நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் அடுக்ககத்தில் இரண்டு தண்ணீர் வரும். சமையலறைக்குச் சிறுவாணி, மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர். செடிதானே என்று போர் தண்ணீரை ஊற்றினேன். மூன்று மாதத்தில் இலை நுனி கருகிவிட்டது, வேரில் வெள்ளையாக உப்புப் படிந்தது. டீச்சர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வேரைக் காட்டினார். ஆர்க்கிட் வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்தால் ஒரு நொடியில் பச்சை. பஞ்சு போன்ற மேல்தோல் தண்ணீரைக் குடிப்பதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். உப்புப் படிந்த வேரில் தண்ணீர் விட்டால் அந்தப் பச்சை வரவில்லை. அன்றிலிருந்து அதற்குச் சிறுவாணித் தண்ணீரும் மழைத் தண்ணீரும்தான். ஊரே ருசிக்குக் கொண்டாடும் தண்ணீர் அது. புது வேர் விட்டு, புதுத் தண்டு எழ ஒரு வருடம் பிடித்தது.

மொட்டு வந்த சேதியைச் சொல்லப் போன வாரம் வடவள்ளிக்கு நேரிலேயே போனேன். மருதமலை ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போகும்போது, ஐப்பசியில் அந்தப் பக்கம் கண்ணுக்குக் கிடைக்கும் காட்சி ஒன்றுண்டு. கரும்பு பூத்திருக்கும். வெள்ளி நிறத்தில், சாமரம் போல, காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கரும்பு போட்ட விவசாயிக்கு அந்தப் பூ பிடிக்காது. பூ எடுத்தால் வளர்ச்சி நின்றுவிடும், நாள்பட நின்றால் தண்டு சக்கையாகும், எடை போகும். ஆனால் பக்கத்தில் வீரகேரளத்தில் இருக்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில், அந்தப் பூவுக்காகவே வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள்.

கரும்புக்கு முளைக்கும் விதை உண்டு என்பதே உலகத்துக்கு வெகு காலம் தெரியாது. கரணை நட்டுத்தானே பயிர் செய்கிறோம். 1888-இல் ஜாவாவிலும் பார்படோசிலும்தான் கரும்பு விதை முளைப்பதைக் கண்டு உறுதிசெய்தார்கள். வட இந்தியாவில் கரும்பு சரியாகப் பூக்காது, பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. கோயம்புத்தூரின் பகல் நீளமும் வெதுவெதுப்பும் ஈரமும் அதற்குப் பொருந்தி வந்தன. அதற்காகவே 1912-இல் இங்கே கரும்பு நிலையத்தைத் தொடங்கினார்கள். பார்பர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் அவருக்குத் துணையாயிருந்து பின்னால் பொறுப்பேற்ற டி.எஸ். வெங்கட்ராமனும் ஒரு காரியம் செய்தார்கள். வெள்ளை என்று நம்மவர்கள் சொன்ன பருத்த கரும்பையும், ஆற்றங்கரையில் யாரும் சீந்தாமல் கிடந்த நாணலையும் கலந்தார்கள். நாணலில் சர்க்கரை எங்கே இருக்கிறது, பெயருக்குக்கூடக் கிடையாது. ஆனால் வறட்சியும் குளிரும் நோயும் அதை அசைக்காது. பிறந்த கரும்பு 1918-இல் கோ 205 என்ற பெயரில் வட இந்திய வயல்களுக்குப் போனது. அந்தக் ‘கோ’ நம் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து. பிறகு வந்த நூற்றுக்கணக்கான கோ கரும்புகள் நாடு முழுக்க, கடல் தாண்டியும் போயிருக்கின்றன.

கார்த்திகை வரைக்கும் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து கரும்பு ஆராய்ச்சியாளர்கள் இங்கே வருவார்கள். தங்கள் ஊருக்கு வேண்டிய கலப்பை இங்கேயுள்ள தேசியக் கலப்புத் தோட்டத்தில் செய்துகொண்டு விதையோடு திரும்புவார்கள். பூத்த கரும்பின் தலையில் கூண்டு போலத் துணியைக் கட்டி வைப்பார்கள், வேண்டாத மகரந்தம் விழாமலிருக்க. மகரந்தம் உதிர்வது விடியும் நேரத்தில். அதனால் வேலையும் விடியும் நேரத்தில்தான். பனியில் நனைந்த கரும்புத் தோகைக்கு நடுவில் ஒருவர் கழியில் கட்டிய பூவை மெதுவாக ஆட்டுவதைக் காலை நடையில் நான் பார்த்திருக்கிறேன். மஞ்சளாக ஒரு மெல்லிய புகை எழுந்து அடங்கியது.

அந்தப் புகையிலிருந்து ஒரு கரும்பு ரகம் விவசாயியின் காட்டுக்கு வர எத்தனை காலம் ஆகும் தெரியுமா? தமிழ்நாட்டில் கரும்பு போட்டவர்கள் எல்லோருக்கும் கோ 86032 தெரியும். பல வருடங்கள் நம் மாநிலத்துக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி அதுவே. அதன் பெயரில் முன்னால் நிற்கும் 86, நாற்றுகளுக்கு நடுவிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்த வருடத்தைக் குறிக்கிறது. வெளியிட்டது 2000-இல். பதினான்கு வருடம் நட்டு, வெட்டி, பிழிந்து, மறுபடி நட்டுப் பார்த்த பிறகே பெயரோடு வெளியே வந்தது. அதற்கு உடன்பிறந்த எத்தனையோ ஆயிரம் நாற்றுகளுக்குப் பெயரே கிடைக்கவில்லை.

இந்த நிறுவனத்தில் 1930-களில் ஜானகி அம்மாள் வேலை பார்த்தார் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். தலச்சேரியில் 1897-இல் பிறந்தவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். இங்கே அவர் கரும்பைக் கரும்போடு மட்டும் கலக்கவில்லை. மக்காச்சோளத்தோடு கலந்தார். நுண்ணோக்கியில் அந்த நாற்றுகளின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எது எதோடு சேரும், சேர்ந்தால் எது பிறக்கும் என்பதை அறிய அவருக்கு இருந்த தாகம் பெரியது. பின்னால் இங்கிலாந்து போய், அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளை வைத்து ஆராய்ந்தார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா மரங்கள் அங்கே இன்றும் பூக்கின்றன. கொடைக்கானலில் ரோஜாக்களைக் கலந்து புது ரகங்கள் உண்டாக்கும் கிரிஜா – வீரராகவன் தம்பதியர் தங்கள் ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1950-களில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைத் திருத்தி அமைக்க நேரு அவரை அழைத்துவந்தார். அந்தத் திருத்தத்தின்போது உருவான தென்மண்டல அலுவலகம் இருப்பதும் கோயம்புத்தூரில்தான், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள். பாடப்புத்தகத்தில் ஜானகி அம்மாளுக்கு ஒரு பத்திகூட இல்லாத காலத்தில் எங்களுக்கு அவரைப் பற்றிச் சொன்னது டீச்சர். கரும்பலகையில் ஒரு பக்கம் கரும்பையும் மறுபக்கம் மக்காச்சோளக் கதிரையும் வரைந்து, நடுவில் கேள்விக்குறி ஒன்றைப் போட்டார்.

அதே கேள்விக்குறிதான் இப்போது என் பால்கனியில் தொங்குகிறது. வெள்ளையும் ஊதாவும் சேர்ந்தால் ரோஜா நிறம்தானே என்று பலர் கேட்கிறார்கள். அப்படிச் சுலபமாக இருந்தால் காத்திருக்கவே வேண்டியதில்லை. அந்த வெள்ளையும் ஒரு கலப்பினம், ஊதாவும் கலப்பினம். அவற்றின் பாட்டன் பாட்டிகள் பத்து இனமாவது இருப்பார்கள். ஒரே காயில் பிறந்த பிள்ளைகளில் ஒன்று வெளுத்து வரும், ஒன்று அடர்ந்து வரும், ஒன்றுக்கு உதட்டிதழில் கோடு விழும், ஒன்று இதழ் சுருண்டு, பார்க்க ஒன்றுமில்லாமல் போகும். டீச்சர் மாடியில் இருக்கும் பத்தில் ஒன்றுகூட இன்னும் மொட்டு விடவில்லை. பொள்ளாச்சிக்கும் ஈரோட்டுக்கும் போன செடிகளும் அப்படியே. முதல் மொட்டு என் செடியில். இலை கருகிப் பிழைத்த செடி. “நல்லாப் பாத்துக்கிட்ட செடியெல்லாம் சும்மா இருக்குது பாருங்க” என்று டீச்சர் சிரித்தார்.

பெயர் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். புதிய கலப்பின ஆர்க்கிட்டுகளுக்கான உலகப் பதிவேட்டை ஜானகி அம்மாள் வேலை பார்த்த அதே அரச தோட்டக்கலைச் சங்கம் 1961-லிருந்து நடத்தி வருகிறது. பூத்த பிறகுதான் அங்கே பெயரைப் பதிய முடியும். தாய் யார், தகப்பன் யார் என்பதோடு முதல் பூ பூத்த தேதியையும் கேட்பார்கள். டீச்சர் முடியாது என்று தலையசைத்தார். அந்த வெள்ளைச் செடியைப் பல வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் பெயர்ச்சீட்டு இல்லாமல் வாங்கினாராம். தாயின் பெயர் தெரியாத செடியைப் பதிய மாட்டார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்கு இல்லை. வீட்டுக்குள் கூப்பிட ஒரு பெயர் வைப்பாராம், ஆனால் பூ வந்து முகத்தைப் பார்த்த பிறகுதான். “புள்ள பொறக்கறதுக்கு முன்னால யாராச்சும் பேர் வெப்பாங்களா கண்ணு?”

வீட்டுத் தோட்டத்துக் கலப்பினத்துக்குப் பெரிய பெயர் கிடைத்த கதையும் உண்டு. சிங்கப்பூரில் உறவினர்கள் இருக்கும் வாசகர்கள் அங்கே தேசிய மலராக இருக்கும் வாண்டா மிஸ் ஜோக்கிம் பூவைப் பார்த்திருப்பீர்கள். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் வீட்டுத் தோட்டத்திலிருந்து 1893-இல் உலகத்துக்குத் தெரியவந்த கலப்பினம் அது. 1981-இல் அதைத் தேசிய மலராக அறிவித்தார்கள். ஒரு வீட்டுத் தோட்டத்துப் பூ ஒரு நாட்டின் முகவரியாகியிருக்கிறது.

மனதில் உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி என்று மலைக்குப் போய்த் திரும்புகிறவர்களில் சிலர் மரத்திலிருந்து பிய்த்த ஆர்க்கிட்டை வாங்கி வருகிறார்கள். வேரோடு மரப்பட்டையும் ஒட்டிக்கொண்டிருக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தப் பூஞ்சையும் அந்தப் பட்டையும் அந்தப் பனியும் நம் வீட்டில் கிடையாது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் செத்துவிடும். காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்க ஆசையிருந்தால் ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய் நின்று பாருங்கள். அவ்வளவு தூரம் போகாமலும் பார்க்கலாம். என் சின்ன வயதில் எங்கள் தோட்டத்து மாமரத்தின் கவட்டையில் வாண்டா ஒன்று இருந்தது. கட்டம் கட்டமாகப் பழுப்புக் கோடு போட்ட இதழ், ஊதா உதடு, நல்ல வாசனை. சமவெளியிலும் வளரும் ஆர்க்கிட் அது. பழைய மாந்தோப்புப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள், இன்னும் எங்காவது இருக்கும். வீட்டுக்கு வேண்டுமென்றால் புட்டியில் பிறந்த கலப்பினத்தை வாங்குங்கள். காட்டில் ஒன்று குறையாது.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பூ விரிந்திருக்கும் என்று நம்புகிறேன். அடுத்த இதழின் உள்ளட்டையில் அதன் படத்தைப் போடுவோம். நிறம் எப்படி இருந்தாலும், இதழ் சுருண்டிருந்தாலும் போடுவோம். உங்கள் வீட்டிலும் விதை போட்டோ கலந்தோ, இன்னும் பூக்காமல் நிற்கும் செடி இருந்தால் எழுதுங்கள். எத்தனை வருடமாக நிற்கிறது, யார் கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கடிதங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

டீச்சர் தினமும் காலை ஐந்தரைக்குக் கூப்பிடுகிறார். “ஏங்கண்ணு, எப்படி இருக்குதுங்க?” “அப்படியேதானுங்க டீச்சர்.” “எறும்பு வருதுங்களா?” வருகிறது. மொட்டின் காம்பில் தேன் போல ஒரு துளி கசிகிறது, அதற்கு எறும்பு வரிசை கட்டுகிறது. ஈரப் பஞ்சால் துடைக்கச் சொல்லியிருக்கிறார், துடைக்கிறேன். சட்டியைத் திருப்பி வைக்கக் கூடாது என்கிறார், திருப்பினால் மொட்டு வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தைத் திருகிக்கொள்ளுமாம். மழைச் சாரல் நேராகப் படாமலிருக்க ஒரு பழைய குடையை விரித்துக் கட்டியிருக்கிறேன். போன வாரம் ஒரு நாள் திடீரென்று வெயில் அடித்தபோது, மொட்டு உதிர்ந்துவிடுமோ என்று அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

இந்தப் பக்கம் இன்றிரவு அச்சுக்குப் போக வேண்டும். ஒன்பது மணிக்குக் கடைசியாக ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழ் மொட்டின் நுனியில் பச்சைக்கு மேல் ஏதோ ஒரு சாயம் ஏறியிருக்கிறது. ரோஜா நிறம் என்கிறார் என் மனைவி. எனக்குப் பச்சையாகவே தெரிகிறது. டீச்சர் இந்நேரம் தூங்கியிருப்பார். காலையில் அவரே கூப்பிடுவார்.

அன்புடன்,
ஆசிரியர்